உணர்மணிக் கூலி

அந்த ஃபைல் அனுசுயாவின் மேஜைக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். உள்ளே ஒரே ஒரு தாள். கயத்தாறு காற்றாலைப் பண்ணை. காவலர் ஆறுமுகநயினார், வயது ஐம்பத்தெட்டு. வாரத்துக்குக் கடிகார மணி ஐம்பத்தாறு. உணர்மணி முப்பது.

கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மறுபடியும் போட்டுப் பார்த்தாள். முப்பதுதான்.

காற்றாலைக் காவலருக்கு முப்பது வர நியாயமே இல்லை. ஆளரவமில்லாத கரிசல் காட்டில், நாற்பது காத்தாடிகளுக்கு ஒரு ஆள் என்று உட்கார்ந்திருக்கும் வேலை அது. பேச ஆள் கிடையாது, செய்யவும் ஒன்றும் கிடையாது. மற்ற காவலர்களுக்கெல்லாம் அந்த ஐம்பத்தாறு மணி நேரம் நூற்று அறுபதாக நீண்டுகொண்டிருந்தது. சிலருக்கு இருநூறுகூட. தமிழ்நாட்டின் தொழில் ஒப்பீட்டு அட்டவணையில் முதல் பத்து வரிகளுக்குள் எந்த வருடமும் வந்துவிடுகிற வேலை.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் அந்தச் சட்டம் வந்தபோது ஜனங்கள் தெருவில் பட்டாசு வெடித்தார்கள். அதுவரை ஒருவன் வாரம் நாற்பது மணி நேரம் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து லட்சங்களில் வாங்கினான். இன்னொருத்தி அறுபது மணி நேரம் வெயிலில் குப்பை அள்ளி அதில் பத்தில் ஒரு பங்கு வாங்கினாள். இரண்டு பேருடைய மணிக்கும் அறுபது நிமிடம்தான் என்றது கடிகாரம். கடிகாரம் பொய் சொல்கிறது என்றது சட்டம். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள மிளகளவில் ஒரு பொட்டு வந்தது. வேலை செய்கிறவருக்கு ஒரு மணி நேரம் எவ்வளவு நேரமாகக் கழிந்தது என்பதை அது அளந்தது. அப்படி அளந்த நேரத்துக்குப் பெயர் உணர்மணி. எந்த வேலையானாலும் உணர்மணிக்கு ஒரே கூலி. படிப்புக்கும் பொறுப்புக்கும் சின்னதாக ஒரு படி சேர்த்துத் தருவார்கள், அவ்வளவுதான்.

முதல் வருட அட்டவணையை அனுசுயா இன்னும் மனப்பாடமாகச் சொல்வாள். இதய அறுவை நிபுணருக்கு அறுபத்திரண்டு கடிகார மணி, இருபத்தோரு உணர்மணி. கத்தியை எடுத்தால் அவருக்கு நேரம் போவதே தெரியவில்லை. சாக்கடைத் துப்புரவுப் பணியாளருக்கு நாற்பத்தெட்டு மணி நூற்று நாற்பதாக இருந்தது. மென்பொருளில் பிழை தேடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நினைத்ததைவிட அதிகமாகக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கோயில் மடப்பள்ளிச் சமையல்காரர்கள் யாரும் எதிர்பாராத அளவுக்குச் சந்தோஷமாக இருந்தார்கள். துப்புரவுப் பெண் ஒருத்தி முதல் மாதச் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுத படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அனுசுயா உணர்மணி அளக்கும் இந்த வேலைக்கே விண்ணப்பம் போட்டாள்.

பிறகு நடந்தவை பேப்பரில் வரவில்லை. திருப்பூர் தையல் கூடங்களில் பெண்கள் பேசுவதை நிறுத்தினார்கள். பேசினால் நேரம் ஓடிவிடும், நேரம் ஓடினால் கூலி போய்விடும். பஸ் கண்டக்டர்கள் பயணிகளிடம் வாய் கொடுப்பதை விட்டார்கள். முதலாளிகள் பாட்டுப் போட்டார்கள், வடை கொடுத்தார்கள், மேஜைகளைச் சேர்த்துப் போட்டார்கள். தொழிலாளர்கள் காதைப் பொத்திக்கொண்டு, மேஜையைத் தள்ளிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அனுசுயாவின் அலுவலகத்திலேயே கேண்டீன் நாற்காலிகள் எல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கும். மௌனமாக டீ குடித்துவிட்டு மௌனமாக எழுந்து போவார்கள். யாருக்கும் யார்மேலும் கோபம் கிடையாது.

அவள் கணவர் சேதுராமன் கணக்கு வாத்தியார். போர்டில் முதல் கோடு இழுத்தால் மணி அடிக்கும்வரை அவருக்கு வேறு உலகம். நாற்பது மணி நேரம் பதினாலாக வந்தது. எதிர் வீட்டில் ரேஷன் கிடங்குக் கணக்கர் அவரைப்போல ஆறு மடங்கு வாங்கினார். சேதுராமன் வகுப்பில் கடிகாரத்தைப் பார்க்கப் பழகினார். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகினார். இரண்டு வருடத்தில் அறுபது உணர்மணிக்கு வந்துவிட்டார். அந்த வெறுப்பைப் பள்ளிக்கூட வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர மட்டும் அவருக்குத் தெரியவில்லை. சாப்பிடும்போதும் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் பேசும்போதும் பார்த்தார். சண்டை என்று ஒன்றும் இல்லை. ஒரு ஏப்ரல் மாதம் மாற்றல் வாங்கிக்கொண்டு தர்மபுரிக்குப் போனவர், பிறகு வரவில்லை.

அதிலிருந்து ஐந்து வருடங்களாக அனுசுயாவுக்குப் பெருமாள்புரத்தில் தனியாக இரண்டு அறை வீடு. நாற்பத்தைந்து வயது. வாரத்துக்கு நாற்பத்தெட்டு கடிகார மணி, நூற்றுப் பத்து உணர்மணி. நல்ல சம்பளம்.

துணை இயக்குநர் கோகுல்நாத் அவளைக் கூப்பிட்டார்.

"பார்த்தீங்களா மேடம், கயத்தாறு?"

"பொட்டு கெட்டிருக்கும் சார்."

"மூணு தடவை மாத்தியாச்சு. தூங்குறாரான்னும் பார்த்தாச்சு. தூங்கினா பூஜ்யம்னு காட்டும், இது முழிச்சிருக்கிற நேரம்தான். மூணு வருஷமா படிப்படியா இறங்கிட்டு வருது. இதுல என்ன வேடிக்கைன்னா, மனுஷன் ஒரு மனுகூடப் போடல. பக்கத்துப் பண்ணைக்காரன் இவரைவிட அஞ்சு மடங்கு வாங்குறான். இவர் வாயே திறக்கல."

"சந்தோஷமா இருக்கார் போல."

"அதைத்தான் நானும் நினைக்கிறேன். என்ன செஞ்சு சந்தோஷமா இருக்கார்னு கண்டுபிடிங்க. ஆறு நாள் கூட இருந்து பாருங்க. அந்த ரகசியத்தை நாலாயிரம் காவலருக்கும் கொடுத்துடலாம்."

"கொடுத்தா அவங்க கூலி குறைஞ்சுடுமே சார்."

கோகுல்நாத் பேனாவை மூடி வைத்தார். "குறையும்தான். ஆனா சந்தோஷமா இருப்பாங்களே. அதையும் வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

அனுசுயா ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆட்டோ அவளைக் கம்பி வேலிக்கு வெளியே இறக்கிவிட்டுப் போனது. ஆனி மாதக் காற்று. புடவையைப் பிடிப்பதா பையைப் பிடிப்பதா என்று தடுமாறினாள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கறுப்பு மண்ணும் அதன்மேல் வெள்ளைத் தூண்களும். ஒவ்வொரு தூணிலும் ஆள் உயரத்துக்கு ஒரு நம்பர். றெக்கைகள் வெட்டும் சத்தம், யாரோ பெரிய போர்வையை விடாமல் உதறிக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

தகரக் கொட்டகையிலிருந்து மெலிந்த, நெட்டையான மனிதர் ஒருவர் வந்தார். காக்கிச் சட்டை துவைத்துத் தேய்த்திருந்தது.

"வாங்க மேடம், இரிங்க. ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. ஒரு பொம்பளை ஆபீசர் வருதாகன்னு."

இருந்த ஒரே நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்களை எப்படிக் கூப்பிடட்டும்? அண்ணாச்சின்னு கூப்பிடலாமா?"

"இந்த ஊருல வேற எப்படிக் கூப்பிடுவாக?" என்று சிரித்தார்.

வழக்கமாக அளவெடுக்கப் போகும் இடங்களில் ஆட்கள் அவளைப் பார்த்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். தங்கள் மணி எவ்வளவு நீளம் என்று காட்டப் பெருமூச்சு விடுவார்கள். நயினார் அப்படியில்லை. பத்து நிமிடத்தில், முதல் றெக்கை கயத்தாறுக்கு வந்த கதையைத் தொடங்கிவிட்டார்.

"மூணு பஸ்ஸு நீளம் மேடம் அந்த லாரி. பஜார் முக்குல திரும்ப முடியல. கோம்பையா மிட்டாய்க் கடை மாடியில றெக்கை போயி ஒக்காந்துக்கிட்டு. முன்னயும் போகல, பின்னயும் போகல. ரெண்டு நாளு. கோம்பையா சம்சாரம் பாத்தா. நல்ல நீளமா, வழுவழுன்னு, வெயில்ல காயுது. துவைச்ச சேலையையெல்லாம் அதுமேல விரிச்சுப்புட்டா. மூணாம் நாளு விடியக்காலம் லாரி கெளம்பிட்டு. மூணு சேலையும் றெக்கையோடயே போயிட்டு. ஒண்ணு பட்டு!"

அனுசுயா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காதுக்குப் பின்னால் பொட்டு இருக்கிறதே என்று நினைவு வந்தபோது, பாதி மத்தியானம் போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் அதே கதையைச் சொன்னார். தான் ரசித்ததால் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். 'ஒண்ணு பட்டு' என்ற இடத்தில் அவர் கை அதே மாதிரி உயர்ந்தது. மறுபடியும் சிரிப்பு வந்தது. மத்தியானம் அவளுடைய எலுமிச்சைச் சாதத்தை அவரும், அவருடைய கருவாட்டுக் குழம்பை அவளும் சாப்பிட்டார்கள். மனைவி இறந்து ஆறு வருடமாகிறது என்றார். மகன் ஓசூரில் இருக்கிறான், மாதத்தில் முதல் ஞாயிறு போன் செய்வான். பின்னாலேயே இருக்கும் ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸில்தான் வாசம்.

புதன்கிழமை அவள் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது, அவர் கொட்டகைக் கதவுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே வந்து, "வாங்க அனுசுயா மேடம், இரிங்க" என்றார். பெயரைக் கொஞ்சம் நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோலச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் லாரி பஜார் முக்குக்கு வந்து நின்றது.

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. சிரிப்பதுபோல நடித்தாள். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அவர் காவல் சுற்றுப் பார்க்கக் கிளம்பியதும் எழுந்து போய், தகரக் கதவின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். சாக்பீஸில் கட்டம் கட்டமாக எழுதியிருந்தது. 'சாப்பாடு ஒரு மணி. சாப்பிட்டால் கோடு போடு.' பக்கத்தில் கோடுகள். '7ஆம் நம்பர் பக்கம் குழி.' 'மகன் குமரேசன். பேரன் தருண். மருமகளைப் பேர் சொல்ல வேண்டாம், அம்மா என்று கூப்பிடு.' 'லட்சுமி இறந்துவிட்டாள். யாரிடமும் கேட்காதே.' எல்லாவற்றுக்கும் கீழே, புதிதாக, 'ஆபீஸ் பெண் வருகிறாள். அனுசுயா. ஆறு நாள். நல்ல பிள்ளை. ஜாக்கிரதை.'

கதவை இருந்தபடியே சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். காற்று பயங்கரமாக அடித்தது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குச் சுற்றுப் பார்க்கப் போனவர் ஒரு மணிக்கும் திரும்பவில்லை. ஒன்றரைக்கு அவள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். காற்று முதலிலேயே குடையைத் திருப்பி ஒடித்துப் போட்டது. பருத்திச் செடிகளுக்கு நடுவே, தூண் தூணாக நம்பர் பார்த்துக்கொண்டு நடந்தாள். இருபத்திரண்டாம் நம்பருக்குக் கீழே அவர் நின்றுகொண்டிருந்தார். தூணின் இரும்புக் கதவு திறந்திருந்தது. உள்ளே எழுபது மீட்டர் ஏணி. அவருடைய வலது கால் முதல் படியில் இருந்தது. சட்டை முழுக்க வியர்வை.

"அண்ணாச்சி."

திரும்பினார். அவளை யாரென்று தெரியாத கண்கள், ஆனால் மரியாதையான கண்கள்.

"இதுல ஏறணும்னு வந்தேனா, எறங்கிட்டு நிக்கேனான்னு ஒரு சின்னச் சந்தேகம்" என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்தாள். "இறங்கிட்டீங்க. வாங்க, சாப்பிடப் போகலாம்."

வெள்ளிக்கிழமை காலையில் அவர் நன்றாகத் தெளிவாக இருந்தார். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் அப்படி இருக்குமாம். அவள் கேட்பதற்கு முன்னால் அவரே ஆரம்பித்தார்.

"கதவைப் பாத்துட்டீய. சாக்பீஸ் தூளு உங்க சேலையில ஒட்டியிருந்துச்சு. அதையும் எழுதி வச்சேன்."

"எத்தனை வருஷமா அண்ணாச்சி?"

"மூணு இருக்கும். அதை எண்ணுனா அதுவும் தப்பாப் போகும்."

"டாக்டர்கிட்ட?"

"போனேன். பேரு சொன்னாரு. பேரு மறந்துட்டு." சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். "உங்க பொட்டு தப்பா ஒண்ணும் சொல்லல மேடம். எனக்கு நேரம் அப்படித்தான் போகுது. ஒக்காந்து ரெண்டு மணி ஆச்சேன்னு தெரிஞ்சாத்தானே சலிக்கும்? ஒக்காந்ததே மறந்தவனுக்கு எப்பவும் இப்பத்தான் ஒக்காந்த மாதிரி இருக்கு. சூரியன் குதிச்சுக் குதிச்சுப் போகுது. காலம்பற டீயைக் கீழ வச்சா, எடுக்கையில சாயங்காலம்."

"கூலி குறையுதுன்னு நீங்க ஏன் கேக்கல?"

"கேட்டா வருவீய. வந்தா கண்டுபிடிப்பீய. கேக்காமலே வந்துட்டீய, அது வேற."

அனுசுயா மடியிலிருந்த நோட்டை மூடினாள். "மகன்கிட்ட போயிடலாமே."

"ஓசூருலயா?" அவர் காத்தாடிகளைப் பார்த்தார். "போன பொங்கலுக்குப் போயிருந்தேன். வீடு முழுக்கச் சனம். ஒவ்வொருத்தரா வந்து, மாமா நான் யாரு சொல்லுங்க, தாத்தா நான் யாரு சொல்லுங்கன்னு. பிரியத்துலதான் கேக்காக. எனக்குப் பரீட்சை எழுதுத மாதிரி இருந்துச்சு. இங்க ஒருத்தரும் என்னை ஒண்ணும் கேக்க மாட்டாக. காத்தாடிக்குப் பேரு வேண்டாம், நம்பர் போட்டுருக்கு. இது தனியா இருக்கவன் வேலைன்னுதானே எல்லாரும் அலுத்துக்கிடுதாக. எனக்கு இதுதான் கௌரவமா இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து, "எழுதாதீய தாயி" என்றார். "எழுதுனா வேலைக்கு லாயக்கில்லேன்னு அனுப்பிருவாக."

"நேத்து ஏணியில ஏறியிருந்தா?"

"ஏறியிருந்தா ஏறியிருப்பேன். பாதியில மறந்தும் போயிருக்கும்." இந்த முறை அவரும் சிரிக்கவில்லை. "எழுதாதீய."

அவர் எழுந்துபோய்க் கதவில் ஏதோ எழுத சாக்பீஸை எடுத்தார். கை கதவருகே நின்றது. என்ன எழுத வந்தோம் என்று யோசிப்பது முதுகிலேயே தெரிந்தது. பிறகு சாக்பீஸை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை அவர் அவளை முதல்முறை பார்ப்பவர்போல வரவேற்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். லாரி வந்தது, றெக்கை மாடியில் உட்கார்ந்தது, சேலைகள் போயின. சாயங்காலம் விடைபெறும்போது, "ரொம்ப சந்தோஷம் மேடம். என்னைப் பத்தி நல்லவிதமா எழுதுங்க" என்று கும்பிட்டார்.

திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது அவளுடைய போன் ஒலித்தது. அவள் பெயரில் வாராந்திரச் சீட்டு. கடிகார மணி நாற்பத்தெட்டு. உணர்மணி இருபத்தேழு.

பஸ் கங்கைகொண்டான் தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கும் மறதியோ என்ற பயத்தில் திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். கருவாட்டுக் குழம்பின் காரம், ஒடிந்த குடை, சாக்பீஸ் எழுத்து, பிடித்த கையின் சொரசொரப்பு. ஒரு நிமிடம்கூட விட்டுப்போகவில்லை. இவளுக்கு எல்லாமே நினைவிருந்து சுருங்கிய மணிகள். அவருக்கு ஒன்றுமே நினைவில்லாமல் சுருங்கியவை. தாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. இத்தனை வருடமாக எத்தனை ஆயிரம் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டிருப்போம் என்று நினைத்தவள், போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அறிக்கையை எழுதினாள், அழித்தாள். மகிழ்ச்சியான மனிதர் என்று எழுதினால் நாலாயிரம் பேருடைய கூலி சரியும். கருவி கெட்டது என்று எழுதினால் அவர் இன்னொரு வியாழக்கிழமை இன்னொரு ஏணிக்குக் கீழே நிற்பார், கூப்பிட ஆள் இருக்காது. கடைசியில் உண்மையை எழுதினாள். நோயின் பெயரைப் போட்டாள். நினைவில் தங்காத நேரத்தைப் பொட்டால் அளக்க முடியாது, அளந்தது செல்லாது என்று எழுதினாள். அவரை வேலையிலிருந்து எடுக்கக் கூடாது, மற்ற காவலர்களின் சராசரிக் கூலியை நிரந்தரமாகக் கொடுக்க வேண்டும், கூடவே இருக்க ஒரு துணைக் காவலரை நியமிக்க வேண்டும் என்று மூன்று பரிந்துரைகள்.

கோகுல்நாத் அறிக்கையை இரண்டு முறை படித்தார்.

"அப்ப சந்தோஷம் இல்லையா?"

"இல்ல சார். மறதி."

"மறந்தா மணி சுருங்கும்" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பிறகு எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். "மேடம், அந்த வரியை எடுத்துடுங்க. அளக்க முடியாதுன்னு மட்டும் இருக்கட்டும், ஏன்னு வேண்டாம். முதலாளிங்க காதுல இது விழுந்தா, ஆறு மாசத்துல மறக்கடிக்க ஒரு மாத்திரை வந்துடும். எங்க அப்பா மில்லுல இருந்தவர். எனக்குத் தெரியும்."

அவரை அதுவரை அவள் ஒரு நாற்காலியாகத்தான் பார்த்திருந்தாள். அந்த வரியை எடுத்தாள். அவர் மூன்று பரிந்துரைகளுக்கும் கீழே கையெழுத்துப் போட்டார்.

ஆணை வெளியாக ஏழு வாரமானது. அது வந்த பிறகும் அவள் உடனே போகவில்லை. எழுதாதீய என்று கேட்டவரிடம் எழுதிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், போகாமல் இருக்க முடியாது என்று தோன்றியது. அவளுக்கு அன்று விடுமுறை. விடுமுறை நாளில் பொட்டு வேலை செய்யாது. கிளம்பினாள்.

காற்று ஓய்ந்திருந்தது. பாதிக் காத்தாடிகள் நின்றுகொண்டிருந்தன. நயினார் கொட்டகை நிழலில் பெயின்ட் டின்மேல் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கம்மா, யாரைப் பாக்கணும்?" என்றார்.

"உங்களைத்தான் அண்ணாச்சி."

"அப்படியா! இரிங்க, இரிங்க."

துணைக் காவலர் எங்கே என்று பார்த்தாள். ஐம்பது அடி தள்ளி, ஒன்பதாம் நம்பர் தூணின் நிழலில் ஒரு நாற்காலி. நாற்பது வயதிருக்கும் ஒரு ஆள், கொட்டகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெறும் கரிசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவள் அவரிடம் போனாள். பெயர் எட்வின் என்றார், எழுந்து நின்று, மரியாதையாக.

"அவரைப் பாத்துக்கறீங்களா?"

"பாத்துக்கிடுதேன் மேடம். ஒரு மணிக்குச் சோறு எடுத்து வச்சிருவேன். ஏணிக் கதவு எல்லாத்துக்கும் பூட்டுப் போட்டாச்சு. சுற்றுப் போனா பின்னாலயே போவேன்."

"பேச மாட்டீங்களா?"

எட்வின் காலால் மண்ணைக் கிளறினார். "முதல் வாரம் பேசுனேன் மேடம். அருமையான மனுஷன். அந்த வாரம் எனக்கு நாப்பதுதான் வந்துச்சு. மூத்தவ பாலிடெக்னிக்ல சேர்ந்திருக்கா. சின்னவளுக்குக் கண்ணு ஆபரேஷன் இருக்கு. அவருக்குன்னா நிலையான சம்பளம், எனக்கு அளவுதானே. ரெண்டாவது வாரம் நாற்காலியத் தூக்கிட்டு இங்க வந்துட்டேன். நூத்தி எழுபது வருது." கொஞ்சம் நிறுத்தி, "அவரு கூப்பிடுவாரு. கேக்காத மாதிரி இருக்கணும். அப்பத்தான் மணி ரொம்ப நீளமா ஓடுது" என்றார்.

துணை என்று அவள்தான் எழுதினாள். அந்தச் சொல்லுக்கு அவள் மனதில் வேறு அர்த்தம் இருந்தது.

திரும்பி வந்து நயினாருக்கு எதிரில் உட்கார்ந்தாள். "அண்ணாச்சி, உங்களைப் பத்தி நான் ஆபீஸ்ல ஒண்ணு எழுதிட்டேன். எழுதாதீங்கன்னு நீங்க கேட்டீங்க. மீறி எழுதிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

அவர் அவளை ஆர்வமாகப் பார்த்தார். "நானா கேட்டேன்? அப்படிக் கேட்டிருக்க மாட்டேனே. நீங்க பாத்தா நல்ல பிள்ளையா இருக்கீய. எழுதுனா எழுதிட்டுப் போங்க" என்றார்.

அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. மன்னிக்க வேண்டியவர் அந்த வெள்ளிக்கிழமையிலேயே எங்கோ தங்கிவிட்டார். இங்கே உட்கார்ந்திருந்தவர் கருணையுள்ள ஒரு அந்நியர். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, வீட்டுல எதும் கஷ்டமா?"

ஐந்து வருடங்களாக யாரும் கேட்காத கேள்வி அது. அனுசுயா பேசத் தொடங்கினாள். சேதுராமன் போர்டில் கோடு இழுக்கும் அழகைச் சொன்னாள். பெண் பார்க்க வந்த அன்று காபி டம்ளரின் கொள்ளளவை அவர் காகிதத்தில் போட்டுக் காட்டியதைச் சொன்னாள். கடிகாரம் பார்க்கப் பழகியதை, தர்மபுரி பஸ்ஸில் ஏறும்போதும் மணிக்கட்டைப் பார்த்ததை, அதற்கப்புறம் வீட்டில் ஒரு கடிகாரம்கூட மாட்டாததை. நயினார் இடையிடையே "அடடா" என்றார், "அப்புறம்?" என்றார், ஒரு இடத்தில் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் மறந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே எதையும் மறைக்காமல் சொன்னாள்.

நிழல் அசைந்தது. எட்வின் வந்து நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. காத்து இல்லாததால சத்தம் அங்க வரைக்கும் வருது. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. ஒரு மணி நேரம் போனதே எனக்குத் தெரியல."

"ஐயோ, மன்னிச்சுக்கோங்க எட்வின்."

அவர் திரும்பிப் போய், நாற்காலியை இன்னும் ஒரு தூண் தள்ளி எடுத்துப் போட்டுக்கொண்டார். நாற்பது காத்தாடிகளும் வெறும் ஆகாயமும் தவிர வேறொன்றும் இல்லாத அந்த வெளியில், அவளும் நயினாரும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு, திருடர்களைப்போலக் கிசுகிசுத்தார்கள். எதற்குக் கிசுகிசுக்கிறோம் என்று நயினார் கேட்கவில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது.

நாலு மணிக்கு அவள் கிளம்பினாள். வேலிக் கதவருகே ஆட்டோவுக்காக நின்றிருந்தபோது, எட்வின் வேகமாக நடந்து வந்தார். ஏதோ சொல்ல வந்தவர், முதலில் காதுக்குப் பின்னால் கையை வைத்துப் பொட்டை மூடிக்கொண்டார். மூடினால் ஒன்றும் ஆகாது. அது எல்லோருக்குமே தெரியும், இருந்தாலும் செய்வார்கள்.

"மறுபடி வருவீங்களா மேடம்?"

"அடுத்த ஞாயிறு வரலாம்னு நினைக்கிறேன். உங்களுக்கு இடைஞ்சல்னா..."

"இடைஞ்சல் இல்ல மேடம். வருதது நிச்சயம்னா முன்கூட்டியே ஒரு போன் பண்ணிச் சொல்லுங்க." கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நயினார் இவர்களைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார், இரண்டு பேரில் யாரையும் தெரியாமலே.

"அன்னைக்கு நான் லீவு போட்டுருதேன்" என்றார் எட்வின். "லீவுன்னா அளவு கிடையாதே. நானும் வந்து உங்ககூட உக்காந்துக்கிடுவேன்."